பவுல் கேட்ட புத்தகங்கள்

வேத பாடம்
ஆதார வேதபகுதி: 2 தீமோத்தேயு 4:6-21
சேர்த்து வாசிக்க: தானியேல் 9:2, அப்போஸ்தலர் 8:26-39, 17:10-12, 19:18-20



அப்போஸ்தலனாகிய பவுல் எழுதின கடைசி நிருபம் தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபம் என்பதை அறிந்திருக்கிறோம். அவர் கட்டப்பட்டவராய்ச் சிறையில் இருக்கிறார். தம்முடைய தேகத்தை விட்டுப் பிரியும் காலம் வந்துவிட்டது என்று அவருக்கே தெரிகிறது. கூட இருந்த தேமா விட்டுப் போய்விட்டான். லூக்கா மாத்திரம் பக்கத்திலே இருக்கிறார். இந்த நிலைமையில் ஒரு மனுஷன் என்ன கேட்பான்? வக்கீலைக் கேட்பான், நல்ல சாப்பாடு கேட்பான். பவுல் கேட்டதை 13-ஆம் வசனத்தில் பாருங்கள். துரோவாவில் கார்ப்பு என்கிறவர் வீட்டில் விட்டுவந்த மேலங்கி வேண்டும், புத்தகங்கள் வேண்டும், முக்கியமாகத் தோலில் எழுதின சுருள்கள் வேண்டும் என்கிறார்.

மேலங்கி குளிருக்கு. அது புரிகிறது. புத்தகங்கள் எதற்கு? இன்னும் கொஞ்ச நாளில் சாகப்போகிறவருக்கு வாசிப்பு என்ன வேண்டியிருக்கிறது?

இவர் யார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். மூன்றாம் வானம் வரைக்கும் எடுத்துக்கொள்ளப்பட்டவர் (2 கொரிந்தியர் 12:2). கொரிந்து சபையார் எல்லாரையும்விட அதிகமாய் அந்நிய பாஷையில் பேசினவர் (1 கொரிந்தியர் 14:18). வியாதியஸ்தர் சுகமாகும்படி இவர் சரீரத்திலிருந்து உறுமால்களைக் கொண்டுபோனார்கள் (அப்போஸ்தலர் 19:12). அபிஷேகத்துக்கு அவரிடத்தில் குறைவில்லை, வெளிப்பாட்டுக்கும் குறைவில்லை. அப்படிப்பட்டவர், "வரும்போது என் புத்தகங்களை மறந்துவிடாதே தம்பி" என்கிற கருத்தில் எழுதுகிறார். அல்லேலூயா! நிரம்பின பாத்திரத்துக்கும் வாசிப்பு தேவைப்பட்டது என்றால், பெந்தெகொஸ்தே விசுவாசிகளாகிய நாம் இதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது.

1. "வேதம் ஒன்றே போதாதா பிரதர்?"

நம்முடைய சபைகளிலே அடிக்கடி கேட்கிற கேள்வி இது. நல்ல கேள்விதான். வேதாகமத்துக்குச் சமமான புத்தகம் பூமியில் இல்லை. இரட்சிப்புக்கும் விசுவாச வாழ்க்கைக்கும் வேண்டிய யாவும் அதில் இருக்கிறது. அதோடே ஒன்றைக் கூட்டினாலும் குறைத்தாலும் சாபம். ஆகவே வேதத்தைத் தள்ளிவைத்துவிட்டு வேறு புத்தகத்தை எடுக்கிறவனுக்கு இந்தப் பாடம் துணை நிற்காது. வேதத்தைத் திறக்க நேரம் இல்லாதவன் முதலாவது வேதத்தைத் திறக்கட்டும்.

ஆனால் "வேதம் மட்டும் போதும்" என்று சொல்லுகிறவர்களில் அநேகர் அந்த வேதத்தையாவது முழுசாக ஒரு தடவை வாசித்து முடித்திருக்கிறார்களா? ஜார்ஜ் முல்லர் ஏராளமான புத்தகங்களை வாசித்தவர். அவரே தம் வாழ்நாளில் வேதாகமத்தை 100 தடவைக்கு மேல் வாசித்தவர். நல்ல புத்தகம் ஒருவனை வேதத்திலிருந்து இழுக்காது, வேதத்துக்குள்ளே தள்ளிவிடும்.

இரண்டாவது, "ஆவியானவர் எனக்குப் போதிப்பார், மனுஷன் எழுதினது எனக்குத் தேவையில்லை" என்று சிலர் 1 யோவான் 2:27-ஐக் காட்டுவார்கள். சற்று கவனியுங்கள். ஒருவரும் உங்களுக்குப் போதிக்கத் தேவையில்லை என்கிற கருத்தை யோவான் எதிலே எழுதினார்? ஒரு நிருபத்திலே, போதிக்கும்படியாகத்தானே எழுதினார்! முந்தின வசனத்தைப் பார்த்தால், சபையை ஏமாற்றுகிற கள்ளப் போதகர்களைக் குறித்து அவர் பேசுகிறார் என்பது தெரியும். மேலும், சபைக்குப் போதகர்களைக் கொடுத்தவர் கர்த்தரே (எபேசியர் 4:11). போதகர் பிரசங்க பீடத்தில் நின்று பேசினால் கேட்கிறோம். அதே போதகர் எழுதிவைத்தால் மட்டும் அது ஆவிக்கு விரோதமாகிவிடுமா? ஆபேல் மரித்தும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான் என்று எபிரெயர் 11:4 காட்டுகிறது. மரித்த பரிசுத்தவான்கள் இன்றைக்கும் நம்மோடு பேசுவதற்குப் புத்தகம் ஒரு வழி.

மூன்றாவது, "எழுத்து கொல்லும் என்று பவுலே சொல்லியிருக்கிறாரே" என்பார்கள் (2 கொரிந்தியர் 3:6). அந்த அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். கற்பலகைகளில் எழுதப்பட்ட நியாயப்பிரமாணத்தையும் புது உடன்படிக்கையையும் ஒப்பிட்டுப் பேசுகிறார். படிப்பையும் புத்தகத்தையும் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. ஒரு வசனத்தை அதிகாரத்திலிருந்து பிய்த்து எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே நல்ல உதாரணம்.

இன்னும் சிலர் ஸ்மித் விகிள்ஸ்வொர்த்தைச் சொல்லுவார்கள். இங்கிலாந்தில் பிராட்போர்டு பட்டணத்தில் குழாய் வேலை செய்தவர். சிறு வயதில் பள்ளிக்கூடம் போகாதவர். கல்யாணத்துக்குப் பிறகு மனைவி பாலி அம்மாள்தான் அவருக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். வேதத்தைத் தவிர வேறொன்றும் வாசித்ததில்லை என்று அவரைக் குறித்துச் சொல்லுகிறார்கள். சரி. 1947-ல் மரித்துப்போன அந்த மனுஷனுடைய விசுவாசத்தைக் குறித்து இன்று நமக்கு எப்படித் தெரிந்தது? அவருடைய பிரசங்கங்களை யாரோ எழுதிவைத்து, 1924-ல் புத்தகமாக அச்சிட்டதினாலே அல்லவா! அவர் புத்தகம் வாசிக்கவில்லை என்கிற செய்தியையே நாம் புத்தகத்தில்தான் வாசிக்கிறோம்.

2. ஒரு புத்தகம் போன தூரம்

தேவன் எழுப்புதலை அனுப்பும்போது ஜெபத்தை உபயோகிக்கிறார், பிரசங்கத்தை உபயோகிக்கிறார். பல சமயம் ஒரு சின்னப் புத்தகத்தையும் உபயோகிக்கிறார். கீழே வருகிற சங்கிலியைக் கவனமாய் வாசியுங்கள்.

ஜெர்மனியில் ஹாலே என்கிற பட்டணத்தில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற தேவ மனுஷன் இருந்தார். 1690-களில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் அநாதை விடுதியும் விசுவாசத்தினாலே தொடங்கினார். அந்த ஹாலேயோடு தொடர்புள்ளவர்தான் நம்முடைய சீகன்பால்க் ஐயர். அவரும் புளுட்சோ ஐயரும் 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். சீகன்பால்க் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார். அது 1715-ல் அச்சாகி முடிந்தது. பின்னர் பப்ரீஷியஸ், ரேனியஸ் ஆகியோருடைய உழைப்பும் சேர்ந்து, 1871-ல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்புதான் நாம் இன்றும் ஆராதனையில் கையில் வைத்திருக்கிற வேதாகமம்.

இது ஒரு கிளை. இன்னொரு கிளையைப் பாருங்கள். பிராங்கே மரித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பட்டணத்தில் ஊழியம் செய்த ஜார்ஜ் முல்லர், 1835-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு சகோதரியின் வீட்டுக்குத் தேநீர் அருந்தப் போனார். அங்கே பிராங்கேயின் ஜீவிய சரித்திரம் இருந்தது. எடுத்து வாசித்தார். அந்த வாசிப்பிலே அவருக்குள் ஒரு பாரம் உறுதிப்பட்டது. அடுத்த வருஷம் ஏப்ரல் மாதத்திலே முதல் அநாதை இல்லம் திறக்கப்பட்டது. தேவையை மனுஷரிடத்தில் கேளாமல் தேவனிடத்தில் மாத்திரம் கேட்டு, தம் வாழ்நாளில் சுமார் 10,000 பிள்ளைகளைப் பராமரித்தார்.

முல்லர் தாம் பெற்ற ஜெப உத்தரவுகளையெல்லாம் எழுதி அச்சிட்டார். அந்தப் புத்தகம் வட அயர்லாந்தில் ஜேம்ஸ் மெக்கில்கின் என்கிற வாலிபனின் கைக்குப் போனது. "இவருக்குப் பதில் கொடுத்த தேவன் எங்களுக்கும் கொடுப்பாரே" என்று அவனும் மூன்று சிநேகிதரும் 1857-ல் ஒரு சிறு ஜெபக் கூட்டம் ஆரம்பித்தார்கள். அங்கே 1859-ல் பெரிய எழுப்புதல் எழும்பினது. அடுத்த வருஷமே, 1860-ல், நம்முடைய திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் அவர்களுடைய ஊழியத்தில் ஆவியானவர் இறங்கி, ஜனங்கள் அந்நிய பாஷையில் பேசினார்கள், தீர்க்கதரிசனம் உரைத்தார்கள். அசூசா தெரு எழுப்புதலுக்கு 46 வருஷம் முன்னே! அருளப்பனோடு ஊழியத்தில் ஐக்கியமாயிருந்த ஆன்டனி நோரிஸ் குரோவ்ஸ் யார் தெரியுமா? முல்லருடைய மனைவியின் சகோதரன்.

முல்லருடைய சரித்திரம் மராட்டிய தேசத்துக்கும் வந்தது. பண்டித ரமாபாய் அம்மையார் பிராமண குலத்தில் பிறந்து சமஸ்கிருத சாஸ்திரங்களைக் கரைத்துக் குடித்தவர். அஸ்ஸாமில் சில்சாரில் வாழ்ந்தபோது வீட்டு நூலகத்தில் வங்காள மொழியில் இருந்த லூக்கா சுவிசேஷப் பிரதியைக் கண்டெடுத்தார். ஆண்டவர் அவரை அப்படித்தான் இழுக்க ஆரம்பித்தார். பிற்பாடு முல்லருடைய சரித்திரத்தையும், சீன உள்நாட்டு மிஷனின் சரித்திரத்தையும், ஜான் பேட்டன் மிஷனரியின் வாழ்க்கையையும் வாசித்து, இந்தியாவிலும் தேவனை மாத்திரம் நம்பி ஊழியம் செய்ய முடியாதா என்று பாரப்பட்டதாகத் தம் சாட்சியில் சொல்லுகிறார். கேட்காவ்னில் முக்தி மிஷன் எழும்பினது. பஞ்சத்தில் அலைந்த பெண் பிள்ளைகளும் விதவைகளும் அங்கே அடைக்கலம் பெற்றார்கள். 1905-ல் அதே இடத்தில் அக்கினி இறங்கினது!

அங்கே ரமாபாயோடு ஊழியம் செய்த மின்னி ஏப்ராம்ஸ் என்கிற அமெரிக்க சகோதரி, பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தையும் அக்கினியையும் குறித்து 1906-ல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். ஒரு பிரதியைத் தம் பழைய சிநேகிதிக்குத் தபாலில் அனுப்பினார். அந்த சிநேகிதி தென் அமெரிக்காவில் சிலி தேசத்தில், வால்பரைசோ பட்டணத்து மெதடிஸ்ட் போதகர் வில்லிஸ் ஹூவரின் மனைவி. வாசித்தார்கள், ஜெபித்தார்கள். 1909-ல் அந்தச் சபையில் ஆவியானவர் ஊற்றப்பட்டார். சிலி தேசத்துப் பெந்தெகொஸ்தே சபைகளின் சரித்திரம் அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது.

ஹாலேயிலிருந்து பிரிஸ்டல், பிரிஸ்டலிலிருந்து கேட்காவ்ன், கேட்காவ்னிலிருந்து வால்பரைசோ. பிரசங்கியார் போகாத இடத்துக்குப் புத்தகம் போனது. தேவ ஜனமே, உங்கள் வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடக்கிற புத்தகம் எந்த எழுப்புதலின் விதை என்று யாருக்குத் தெரியும்?

3. எவைகளை வாசிக்கலாம்?

நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளுவோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. வகைக்கு ஒன்று என்று ஆரம்பித்தாலே போதும்.

(அ) வேதத்தைத் திறக்க உதவும் புத்தகங்கள்

முதலாவது, ஓரத்தில் ஒத்த வசனங்கள் கொடுத்திருக்கிற வேதாகமம். இரண்டாவது, ஒத்தவாக்கிய சங்கிரகம். கன்கார்டன்ஸ் என்று சொல்லுகிறோமே, அதுதான். ஒரு சொல் வேதத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று அது காட்டும். மூன்றாவது, வேத அகராதியும் தேசப்படங்களும்.

இவைகளால் என்ன பிரயோஜனம்? நம்முடைய ஆதார வேதபகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 21-ஆம் வசனத்தில், மாரிக்காலம் வருவதற்கு முன்னே வந்துவிடு என்று பவுல் தீமோத்தேயுவை அவசரப்படுத்துகிறார். ஏன் இந்த அவசரம்? தேசப்படத்தைப் பாருங்கள். துரோவா சின்ன ஆசியாவின் கடற்கரையில் இருக்கிறது, ரோமாபுரி கடலுக்கு அப்பால் இருக்கிறது. வேத அகராதியைப் பாருங்கள். அந்நாட்களில் குளிர்காலத்து மாதங்களில் அந்தக் கடலில் கப்பல் ஓடாது. ஒத்த வசனத்தைத் தேடினால் அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரம் வரும். பருவம் தவறிப் புறப்பட்ட கப்பல் என்ன கதியானது என்று பவுலே அனுபவித்தவர். இப்பொழுது புரிகிறதா? தீமோத்தேயு தாமதித்தால் வசந்தகாலம் வரைக்கும் வர முடியாது. அதற்குள் பவுல் உயிரோடிருப்பாரோ என்னவோ! ஒரு சின்ன வசனத்துக்குள்ளே எவ்வளவு கண்ணீர் இருக்கிறது பாருங்கள்.

வியாக்கியானம் வேண்டும் என்பவர்கள் மத்தேயு ஹென்றி அவர்களுடைய விளக்கவுரையை நாடலாம். 300 வருஷத்துக்கு மேலாகப் போதகர்கள் உபயோகித்துவருகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் வரைக்கும் அவர் எழுதினார். 1714-ல் அவர் மரித்தபின் மற்ற ஊழியர்கள் மீதியை முடித்தார்கள். ஆனாலும் ஒரு ஆலோசனை: முதலில் வசனத்தை நீங்களே ஜெபத்தோடு தியானியுங்கள், அப்புறம் வியாக்கியானத்தைத் திறங்கள். மற்றவன் மென்றதை மட்டும் விழுங்கிப் பழகினால் பல் ஸ்திரப்படாது.

(ஆ) ஜெபத்துக்கும் பரிசுத்தத்துக்கும்

தென் ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்த ஆன்ட்ரூ மர்ரே, ஜெபத்தைக் கிறிஸ்துவின் பள்ளிக்கூடத்தில் கற்கும் பாடமாக 1885-ல் எழுதின புத்தகம் ஒன்று உண்டு. 31 சிறு பாடங்கள். மாதத்துக்கு நாளொன்றாக வாசிக்கலாம். இ. எம். பவுண்ட்ஸ் ஜெபத்தைக் குறித்து எழுதின சிறு நூல்கள் ஊழியர்களை முழங்காலில் நிறுத்தும். வாட்ச்மேன் நீ அவர்களுடைய "சாதாரண கிறிஸ்தவ வாழ்க்கை" ரோமர் 5 முதல் 8 வரையிலான அதிகாரங்களை ஆழமாய்த் திறக்கிறது. அவர் 1952-ல் சீனாவில் கைதாகி, 20 வருஷம் கழித்து 1972-ல் காவலிலேயே மரித்தார். சிலுவையைக் குறித்து எழுதினவர் சிலுவையைச் சுமந்தும் காட்டினார்.

(இ) சாட்சிகளும் சரித்திரங்களும்

புதிதாக வாசிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு இதுவே நல்ல வாசல். ஜான் பனியன் எழுதின மோட்சப் பிரயாணம் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் தலைமுறைகளாக வாசிக்கப்பட்டுவருகிறது. பனியன் ஓட்டைப் பாத்திரம் அடைக்கிற தொழிலாளி. கல்யாணமானபோது வீட்டில் தட்டு கரண்டி கூடக் கிடையாதாம். ஆனால் மனைவி தகப்பன் வீட்டிலிருந்து இரண்டு பக்திப் புத்தகங்களைக் கொண்டுவந்தாள். அவைகளைச் சேர்ந்து வாசித்ததில்தான் அவருக்குள் தேவனைத் தேடுகிற வாஞ்சை பிறந்தது. சுவிசேஷம் பிரசங்கித்ததற்காக 1660 முதல் 12 வருஷம் சிறையில் இருந்தார். மோட்சப் பிரயாணம் 1678-ல் வெளிவந்தது. சீர்வரிசையாக வந்த இரண்டு புத்தகங்கள் உலகத்துக்கே ஒரு புத்தகத்தைக் கொடுத்தன. கல்யாண வீட்டுக்கு எவர்சில்வர் பாத்திரம் கொண்டுபோகிற நாம் இதை யோசிக்க வேண்டும்.

அந்தக் கதையைத்தான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை தமிழ் மரபுக்கேற்ப 3,700-க்கும் மேற்பட்ட பாடல்களில் இரட்சணிய யாத்திரிகமாகப் பாடினார். வைணவ குடும்பத்தில் பிறந்து 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர். காவியம் 1894-ல் வெளிவந்தது. செய்யுள் தமிழ் கொஞ்சம் கடினம்தான். உரை வைத்துக்கொண்டு நாளுக்கு இரண்டு பாட்டு என்று வாசித்தால் ருசி தெரியும்.

சாது சுந்தர் சிங்கின் சரித்திரத்தை வாலிபப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். வேதத்தைக் கிழித்து எரித்த பையனுக்கு 1904 டிசம்பரில் ஆண்டவர் தரிசனமானார். சகோதரிகள் ஏமி கார்மைக்கேல் அம்மையாரை வாசிக்கட்டும். 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர் 1951-ல் மரிக்கும் வரைக்கும் சொந்த தேசத்துக்குத் திரும்பவில்லை. நம்முடைய திருநெல்வேலிச் சீமை டோனாவூரிலே ஆபத்திலிருந்த குழந்தைகளைத் தாயைப்போல் ஏந்தினார். 1931-ல் கீழே விழுந்து அடிபட்டபின் பெரும்பாலும் படுக்கையில் இருந்தே எழுதினார். படுக்கையிலிருக்கிற விசுவாசிகளுக்கு அவர் எழுத்து மருந்தாயிருக்கும்.

(ஈ) ஆவிக்குரிய எழுப்புதலைக் குறித்து

மேலே சொன்ன விகிள்ஸ்வொர்த்தின் பிரசங்கத் தொகுப்பு விசுவாசத்தைத் தட்டி எழுப்பும். ரமாபாய் அம்மையாரின் சாட்சி சிறிய புத்தகம், ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். டேவிட் வில்கர்சன் எழுதின "சிலுவையும் கத்தியும்" 1963-ல் வெளிவந்தது. அமெரிக்கக் கிராமம் ஒன்றில் போதகராயிருந்தவர், ராத்திரியில் டி.வி. பார்க்கிற நேரத்தை ஜெபத்துக்குக் கொடுத்தால் என்ன என்று நினைத்து, பெட்டியையே விற்றுவிட்டார். அந்த ஜெப நேரத்தில்தான் நியூயார்க் தெருவிலே கத்தியோடும் போதை மருந்தோடும் அலைகிற பையன்களைக் குறித்த பாரம் வந்தது. டி.வி. பெட்டி போய் இப்போது கைக்குள்ளேயே பெட்டி வந்துவிட்டது. அந்தப் புத்தகம் நம்மைப் பார்த்துப் பேசாதா?

4. எல்லாப் புத்தகமும் நல்ல புத்தகமா?

இல்லவே இல்லை. எபேசுவில் இரட்சிக்கப்பட்டவர்கள் மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எரித்தார்கள். மதிப்பு 50,000 வெள்ளிக்காசு! வாசிக்க வேண்டிய புத்தகம் இருப்பதுபோல, எரிக்க வேண்டிய புத்தகமும் உண்டு. அட்டையிலே சிலுவை இருந்துவிட்டால் உள்ளே சத்தியம் இருக்கும் என்று நினைக்காதிருங்கள்.

ஒரு உதாரணம் சொல்லுகிறேன். 1988-ஆம் ஆண்டு செப்டம்பரில் சபை எடுத்துக்கொள்ளப்படும் என்று 88 காரணங்கள் காட்டி, எட்கர் விஸ்னன்ட் என்பவர் அமெரிக்காவில் ஒரு புத்தகம் எழுதினார். லட்சக்கணக்கில் பரவினது. காரணம் 88 இருந்தது. ஆனால் அந்த நாளும் நாழிகையும் பிதா ஒருவருக்கே தெரியும் என்று ஆண்டவர் சொன்ன ஒரே வசனம் (மத்தேயு 24:36) அவர் கண்ணுக்குத் தடையாகத் தெரியவில்லை. செப்டம்பர் வந்தது, போனது. அதன்பின்பு அடுத்த வருஷத்துக்குத் தேதி குறித்து இன்னொரு புத்தகம் எழுதினார்! நம்பின ஜனங்களில் எத்தனை பேர் வெட்கப்பட்டிருப்பார்கள்? உண்மையான வருகையைக் குறித்த செய்தியையே எத்தனை பேர் பரிகாசம் பண்ணியிருப்பார்கள்? தவறான புத்தகத்தால் வரும் சேதம் இது. ஆத்துமாக்களின் விஷயம், விளையாட்டல்ல.

பெரோயா பட்டணத்தார் பவுல் பிரசங்கித்ததையே வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கையில் ஒரு புத்தகம் வந்தால் நீங்களும் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1) இயேசு கிறிஸ்து தேவனும் மனுஷனுமானவர் என்பதை இது ஒத்துக்கொள்ளுகிறதா?
2) சிலுவை, இரத்தம், மனந்திரும்புதல் இவைகளுக்கு இதில் இடம் இருக்கிறதா? ஆசீர்வாதமும் பணமும் மாத்திரமே பேசுகிறதா?
3) வசனங்களை முழு அதிகாரத்தோடு சேர்த்து விளக்குகிறதா? பிய்த்துப் போடுகிறதா?
4) எழுதினவர் தமக்கு மட்டும் கிடைத்த வெளிப்பாடு என்று வேதத்துக்கு மேலே எதையாவது வைக்கிறாரா?
5) வாசித்து முடித்தபின் ஆண்டவரை அதிகமாய் நேசிக்கிறேனா, எழுதினவரை அதிகமாய்ப் புகழுகிறேனா?

நல்ல ஊழியர்களின் புத்தகத்திலும் ஒன்றிரண்டு இடத்தில் நாம் ஒத்துக்கொள்ள முடியாத கருத்து இருக்கலாம். மீன் சாப்பிடுகிறவன் முள்ளை எடுத்துவிட்டுச் சாப்பிடுகிறான், மீனைத் தூக்கி எறிவதில்லை. முள் எது என்று தெரியாத புது விசுவாசிகள் உங்கள் பாஸ்டரிடம் கேட்டு வாசியுங்கள். எத்தியோப்பிய மந்திரி, ஒருவன் வழிகாட்டாவிட்டால் எனக்கு எப்படிப் புரியும் என்று பிலிப்புவிடம் கேட்க வெட்கப்படவில்லையே!

5. எப்படி வாசிப்பது?

"டைம் எங்க இருக்கு பாஸ்டர்?" என்கிறீர்களா? ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் வாசியுங்கள். மாதத்துக்கு 300 பக்கம். வருஷத்துக்குப் பன்னிரண்டு நடுத்தரமான புத்தகங்கள். பத்துப் பக்கம் வாசிக்க இருபது நிமிஷம் ஆகும். வாட்ஸ்அப்பிலும் யூடியூப்பிலும் அதைவிட அதிக நேரம் நம்மை அறியாமலே போகிறது. துண்டு துண்டாய் வருகிற பிரசங்கத் துணுக்குகளைப் பார்த்துவிட்டு வயிறு நிறைந்துவிட்டது என்று நினைக்கிறோம். அது மிக்சர் மாதிரி. பசிக்குச் சோறு வேண்டும்.

வேத வாசிப்பு முதலாவது, புத்தகம் இரண்டாவது. இந்த வரிசை மாறக் கூடாது. பென்சில் ஒன்று கையில் இருக்கட்டும். தொட்ட இடத்தில் கோடு போடுங்கள், அந்த இடத்திலேயே நிறுத்தி ஜெபியுங்கள். தானியேல் அப்படித்தான் செய்தார். எரேமியாவின் புத்தகத்தில் எழுபது வருஷக் கணக்கை வாசித்தார், உடனே உபவாசத்தோடு முகத்தைத் தேவனுக்கு நேராகத் திருப்பினார் (தானியேல் 9:2-3). வாசிப்பு முழங்காலில் முடிய வேண்டும்.

வீட்டிலே ஒருவர் சத்தமாய் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். மந்திரி ரதத்திலே சத்தமாய் வாசித்ததினால்தானே பிலிப்புவின் காதில் விழுந்தது! எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பேரப்பிள்ளை வாசித்துக் காட்டினால் இரண்டு பேருக்கும் ஆசீர்வாதம். சபையிலே ஒரு அலமாரி போதும், நூலகம் ஆரம்பித்துவிடலாம். வாசித்து முடித்த புத்தகங்களைக் கொண்டுவந்து வையுங்கள். ஒரு நோட்டில் பெயர் எழுதி எடுத்துப்போங்கள். எடுத்துப்போனதைத் திருப்பிக் கொடுப்பதும் ஒரு சாட்சிதான்!

முடிவாக, பிரியமானவர்களே, சாலொமோன் ஞானி அநேகம் புத்தகங்களை உண்டுபண்ணுவதற்கு முடிவே இல்லை, அதிக வாசிப்பு உடம்புக்கு அலுப்பு என்றும் எச்சரித்திருக்கிறார் (பிரசங்கி 12:12). ஆகவே எல்லாவற்றையும் வாசிக்க வேண்டும் என்பதல்ல நம்முடைய நோக்கம். யோயாக்கீம் ராஜா குளிர்காலத்து வீட்டிலே கணப்பின் முன் உட்கார்ந்து, தேவனுடைய வார்த்தை எழுதின சுருளைக் கத்தியால் அறுத்து நெருப்பிலே போட்டான் (எரேமியா 36). பவுல் குளிர்காலம் வருமுன்னே சிறைச்சாலையிலே சுருள்களைக் கேட்டார். ஒருவன் அரண்மனையில் இருந்தும் இழந்தான். ஒருவர் சங்கிலியில் இருந்தும் ஏங்கினார். நாம் யாருடைய பக்கம் நிற்கிறோம்?

இந்த மாதத்திலேயே ஒரு நல்ல புத்தகத்தை எடுப்போம். வாசிப்போம், சோதித்துப் பார்ப்போம், நலமானதைப் பிடித்துக்கொள்ளுவோம். சீகன்பால்க்கின் நாட்களில் அச்சுக்கூடத்தை உபயோகித்த தேவன், ரமாபாயின் வீட்டு நூலகத்தில் ஒரு சிறு சுவிசேஷத்தைக் காத்து வைத்திருந்த தேவன், நம்முடைய வீடுகளிலும் எழுப்புதலைக் கட்டளையிடுவாராக. ஆமென்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, உம்முடைய வேதத்தின்மேல் எங்களுக்குத் தீராத பசியைத் தாரும். நல்லதையும் பொல்லாததையும் பகுத்தறியும் ஆவியைத் தாரும். வாசிக்கிறதின்படி வாழக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.

வீட்டு ஜெபக் குழுவில் சிந்திக்க:

1. பவுல் மேலங்கியையும் புத்தகங்களையும் ஒரே வசனத்தில் கேட்பதிலிருந்து சரீரத் தேவை, ஆத்தும தேவை இவைகளைக் குறித்து என்ன கற்கிறோம்?
2. 1 யோவான் 2:26-27-ஐச் சேர்த்து வாசியுங்கள். போதகர்களும் புத்தகங்களும் வேண்டாம் என்பதா இதன் பொருள்?
3. தானியேல் 9:2-3-ல் வாசிப்பும் ஜெபமும் எப்படி இணைந்திருக்கின்றன?
4. உங்களை ஆண்டவரிடத்தில் கிட்டிச் சேர்த்த ஒரு புத்தகத்தைக் குறித்துச் சாட்சி சொல்லுங்கள். அதை இந்த வாரத்தில் யாருக்குக் கொடுக்கப்போகிறீர்கள்?